பதினான்காம் கட்டிலின் காலித் தட்டு

அக்டோபர் 4, சனி

காலையில் சுள்ளென்று வெயில். இரண்டு மணிக்கு மேல் கொட்டு கொட்டென்று மழை. ஷிப்ட் முடிந்து இருபது நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்தில் காருக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். குடை மேலே வார்டிலேயே இருக்கிறது. திரும்பிப் போய் எடுக்க மனமில்லை.

வாங்க வேண்டியது: தயிர், வாழை இலை, கற்பூரம், யாழினிக்கு கிராஃப் பேப்பர்.

புரட்டாசி மூன்றாம் சனி. சைவமும் சாயங்கால பூசையும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலைப் பட்டினி மட்டும் ரகசியம். வீட்டில், "ஆஸ்பத்திரியில பசியாறிக்கிறேன்." ஆஸ்பத்திரியில், "வீட்டுலயே பசியாறிட்டேன்." மகள் யாழினியின் எஸ்.பி.எம். பரீட்சைக்காக, பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சைக்காக, வேண்டிக்கொண்டது. வீட்டுக்காரர் மணியத்திடம் சொன்னால் சிரிப்பார். வார்டில் சொன்னால் இன்னும் மோசம். "பட்டினி கெடக்குற நர்ஸ நம்பி யாராச்சும் ஊசி போட்டுக்குவாங்களா?" என்று போன வருடம் பேன்ட்ரியில் எல்லார் முன்னாலும் வாய் கிழியப் பேசியவளே நான்தான். இப்போது எந்த முகத்தோடு சொல்வது. காலையில் வார்டில் நூர் கரிபாப் பலகாரம் நீட்டினாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும். திங்கட்கிழமை கேட்பார்கள்.

பெட் 14. அஞ்சலையம்மா, அறுபத்தெட்டு வயது. கோப்பெங் பக்கம் பழைய ரப்பர்த் தோட்டம். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை, பாமாயில் மரம். சர்க்கரை வியாதி, காலில் புண், காய்ச்சல். சரியாகச் சாப்பிடாதவர். அதனால் டாக்டர் உத்தரவு: சாப்பிட்டு முடித்த பிறகுதான் இன்சுலின். சாப்பிடவில்லையென்றால் போடக் கூடாது, டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

ஏழரை: சாப்பாட்டு டிராலி. பொரித்த மீஹூன் (அரிசி சேமியா), அவித்த முட்டை.

எட்டு பத்து: நூர் இன்சுலின் பேனாவோடு வந்தாள். நூர்ஜஹான். பதினோரு வருடமாக இதே வார்டில் என்னோடு. நான் பெட் 9-இன் ரத்தப் பரிசோதனைக்காக லேபோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பதினாலு. பத்து யூனிட். சாப்ட்டாச்சு, தட்டு காலி. சைன் போடுங்க லா."

போட்டேன். இன்சுலினை ஒருவர் மட்டும் பார்த்துப் போடக் கூடாது என்பது சட்டம். இரண்டு நர்ஸ் பார்க்க வேண்டும், இரண்டு கையெழுத்து. முதலாவது நூர். இரண்டாவது நான்.

ஒன்பது முப்பத்தைந்து: அஞ்சலையம்மா வேர்த்து நனைந்து கிடந்தார். சட்டையைப் பிழியலாம். "பெரட்டுக்கு நேரமாச்சு, வாளிய எடு, வாளிய எடு" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். தோட்டத்தில் விடியலில் ஆள் எண்ணுவார்களே, அந்தப் பெரட்டு. அது நின்று எத்தனையோ வருடம் ஆயிற்று. சர்க்கரை 2.3. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றினோம். ஊசி போட்டது நூர். பத்து நிமிடத்தில் அம்மாவுக்குக் கண் தெளிந்தது.

"எத்தன மணி மிஸ்ஸி?"

தோட்டத்து ஆட்களுக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான்.

தட்டு காலிதான். சாப்பிட்டது அவர் இல்லை. பெட் 15 சீன ஆன்ட்டி சாப்பிட்டிருக்கிறார். கேட்டதற்கு வயிற்றைத் தட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"ஏம்மா குடுத்தீங்க?"

"சனிக்கெழம லா மிஸ்ஸி. பெருமாளுக்கு. பன்னெண்டு மணி வரைக்கும் பச்சத்தண்ணிதான். சோத்தத் திருப்பி அனுப்புனா பாவம்."

இன்னும் ஐந்து நிமிடம் தாமதித்திருந்தால் என்று எழுத ஆரம்பித்தேன். எழுத வேண்டாம்.

மணி மூன்று. நான் இன்னும் சாப்பிடவில்லை. பசியும் இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

லீவு. மேகமூட்டம். தீபாவளிக்குப் பதினைந்து நாள். ஜன்னல் திரை எல்லாம் கழற்றித் துவைத்தாயிற்று. முறுக்கு அச்சு காணவில்லை. மணியம் அதை எதற்கோ கராஜுக்கு எடுத்துப் போனதாக யாழினி சொல்கிறாள். முறுக்கு அச்சுக்கு கராஜில் என்ன வேலை.

ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். இங்கே ஒட்டியிருக்கிறேன்.

தெரிந்தது:
– கையெழுத்து என்னுடையது.
– "நோயாளி சாப்பிட்டாரா" என்ற கட்டத்தில் ஆம் என்று டிக். அதுவும் என்னுடையது. என் டிக்கின் வால் நீளம்.
– டோஸ் சரி. பத்து யூனிட்.

தெரியாதது:
– இன்சுலின் பேனாவின் அளவுக் கண்ணாடியில் பத்து என்ற எண்ணைப் பார்த்தேனா?
– தட்டைப் பார்த்தேனா, நூர் சொன்னதைத்தான் கேட்டேனா?
– காலையில் பெட் 14 பக்கம் போனேனா?

கடைசியதுதான் குடைகிறது. போயிருக்க வேண்டும். ஏழே முக்காலுக்கு அந்தப் பக்கத்து டிரிப்பெல்லாம் நான்தான் பார்த்தேன், சார்ட்டில் இருக்கிறது. ஆனால் மனதில் படம் இல்லை. பெட் 12 ஞாபகம் இருக்கிறது, செருப்பைத் தேடச் சொன்னார். பெட் 13 காலி. பெட் 15 ஆன்ட்டியின் பச்சைப் பூப்போட்ட துண்டு கூட ஞாபகம் இருக்கிறது. நடுவில் 14 மட்டும் யாரோ கத்தரித்து எடுத்தாற்போல.

இருபது வருடம் வேலை செய்தவளுக்குக் கை தானாகப் போகிறது. அதுதான் நல்ல நர்ஸுக்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மணியம் கேட்டார்: "என்னா, சாம்பார்ல உப்பே இல்ல?"

போட்டேன் என்றேன். பிறகு சந்தேகம். போட்டேனா?

வெள்ளிக்கிழமை வார்டு வகுப்பு. எடுக்கப் போவது நான். தலைப்பு: இருவர் சரிபார்ப்பு ஏன் முக்கியம். ஒரு மாதம் முன்பே வார்டு சிஸ்டர் கொடுத்தது, ஏனென்றால் வார்டின் நோயாளிப் பாதுகாப்புப் பொறுப்பாளர் நான்தானாம். இதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் பனி. ஈப்போ மலையெல்லாம் காணவில்லை. வேலைக்கு ஐந்து நிமிடம் தாமதம். பேட்ஜ் கொண்டுபோகவில்லை.

சிஸ்டர் ஹலிமா எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். வார்டுக்குத் தலைமை அவர். கத்துகிற ரகம் இல்லை. மலாயில் மெதுவாகத்தான் பேசுவார், அதுதான் பயம். நூரிடம் ஒரே கேள்வி: அந்த அம்மா சாப்பிட்டதைப் பார்த்தாயா, தட்டைப் பார்த்தாயா? நூர், தட்டை. சிஸ்டர் எழுதிக்கொண்டார். என்னிடம், இரண்டாவது சரிபார்ப்பு முறையாகச் செய்தாயா? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரிப்போர்ட் பாரத்தில் எழுதிக் கொடு, வியாழனுக்குள் என்றார்.

பிறகு மூன்று பேரும் பெட் 14. சிஸ்டருக்குத் தமிழ் தெரியாது, நூர் விசாரணையில் இருப்பவள், ஆகவே மொழிபெயர்க்க நான். விரதம் என்று யாரிடமாவது சொன்னாயா என்று கேட்கச் சொன்னார்.

"சொன்னேனே. மிஸ்ஸிகிட்ட சொன்னேனே."

"எந்த மிஸ்ஸிம்மா?"

அஞ்சலையம்மா என்னைப் பார்த்தார். நூரைப் பார்த்தார். சிஸ்டரின் நீல பெல்ட்டைப் பார்த்தார்.

"யாரு கண்டா. எல்லாரும் ஒரே உடுப்பு, ஒரே முகமூடி. எனக்குக் கண்ணுல வேற பூ விழுந்துருக்கு."

அப்படியே மலாயில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சிஸ்டர் நூரின் பக்கம் திரும்பினார். பெட் 14 அன்று நூர் பொறுப்பில். நூர் முகம் சிவந்து, "என்கிட்ட சொல்லல. அல்லா சத்தியமா சொல்லல" என்று தமிழிலேயே சொன்னாள். அதையும் மொழிபெயர்த்தேன்.

சர்க்கரை அந்த அளவு இறங்கியவரின் ஞாபகத்தை நம்ப முடியாது என்று டாக்டர் சொல்கிறார். சொல்லியே இருக்க மாட்டார், சொன்னதாக நினைக்கிறார் என்கிறார். இருக்கலாம். ஆனால் சிஸ்டரின் மனதில் விழுந்தது விழுந்ததுதான்: நூரிடம் சொல்லியிருக்கிறார், நூர் மறந்திருக்கிறாள், இப்போது மறைக்கிறாள்.

நூரின் பெயர் நீரிழிவுப் பயிற்சிக்குப் போக வேண்டியது. ஒரு வருடப் படிப்பு. மூன்று தடவை விண்ணப்பித்து இந்தத் தடவைதான் கிடைக்கிற மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை வார்டிலிருந்து பெயர் அனுப்ப வேண்டும். இது தீரும்வரை கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். சர்க்கரைக்காரர்களைப் பார்க்கப் படிக்கப் போகிறவள் மேல் இந்தப் பழி.

யாழினிக்கு கிராஃப் பேப்பர் இன்னும் வாங்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். வார்டு ஏர்கான் பாதிதான் வேலை செய்கிறது.

பாரம் எதிரில். நான்கு பக்கம். முதல் பக்கம் நிரப்பிவிட்டேன்: பெயர், பதவி எண், தேதி. மூன்றாம் பக்கத்தில் நிற்கிறேன். "இரண்டாவது சரிபார்ப்பு தனியாகச் செய்யப்பட்டதா?" ஆம் ஒரு கட்டம். இல்லை ஒரு கட்டம். தெரியாது என்பதற்குக் கட்டம் இல்லை. பாரம் செய்தவருக்கு அப்படி ஒரு ஆள் இருப்பாள் என்று தோன்றவில்லை போலும்.

ஆம் என்று போட்டால்: நான் தப்பினேன். நூரும் பாதி தப்பினாள், இரண்டு பேர் பார்த்தும் ஏமாந்தோம் என்றாகும்.
இல்லை என்று போட்டால்: நான் மாட்டினேன். நூர் இன்னும் மாட்டினாள், பார்க்காமலே கையெழுத்து வாங்குகிறவள் என்றாகும்.
எது உண்மை என்று தெரிந்தால் அதைப் போட்டுவிடுவேன். அதுதானே தெரியவில்லை.

லினன் அறையில் நூர்:

"அக்கா, பேனா காட்டுனேன்ல? நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்."

வாய் சொல்லிவிட்டது. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் சொன்னது பொய்யா? பார்த்திருக்கலாம். பார்த்திருந்தால் பொய் இல்லை.

"அந்த அம்மா என்கிட்ட சொல்லிருந்தா எனக்குத் தெரியாமப் போவுமாக்கா? நானும் நோன்பு இருக்குறவதானே. விரதம்னு காதுல விழுந்தா விட்டுருவேனா?"

"விட மாட்ட."

"அப்ப ஏன் சொன்னேன் சொன்னேங்குது?"

எனக்கென்ன தெரியும். பத்து பெட்ஷீட்டை எண்ணினேன். திரும்ப எண்ணினேன், ஒன்பது.

சாயங்காலம் வகுப்புக்கு ஸ்லைடு. யாழினி உட்கார்ந்து அழகுபடுத்திக் கொடுத்தாள். இரண்டு நர்ஸ் பொம்மைகள் ஒரு ஊசியைப் பார்த்துச் சிரிக்கின்றன.

"மா, செக்கண்ட் செக் பண்றவங்க என்னா பாக்கணும்?"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையும்னா?"

கோபம் வந்து கத்திவிட்டேன். பாவம் பிள்ளை, பரீட்சை நேரத்தில் எனக்காக உட்கார்ந்தவள். பிறகு மைலோ கலக்கிக் கொடுத்தேன். சர்க்கரை இரண்டு தடவை போட்டுவிட்டேனாம்.

அக்டோபர் 8, புதன்

இதையும் இன்றே எழுதிவிட வேண்டும். மறுபடியும் காரில். வெயில், கண்ணாடியெல்லாம் சுடுகிறது. மணி இரண்டரை.

அஞ்சலையம்மாவுக்கு இன்று டிஸ்சார்ஜ். மகன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். வீட்டில் இன்சுலின் எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுக்க நான் உட்கார்ந்தேன். பேனாவைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன், பத்து என்ற எண் வரும் வரை திருகச் சொன்னேன். சரியாகத் திருகினார்.

"நம்பர் தெரியுதாம்மா? கண்ணுல பூன்னீங்க?"

சிரித்தார். "பூவும் இல்ல, காயும் இல்ல. நல்லாத்தான் தெரியுது."

சாப்பிடாத நாளில் இன்சுலின் போடக் கூடாது, விரதமானால் கிளினிக்கில் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துச் சுற்றளவு பார்ப்பது மாதிரி விரலால் வளைத்தார்.

"எனக்குச் சொல்றீங்க, நீங்க இருக்குற இருப்புக்கு வர்ற சனிக்கெழம பாத்து இருங்க மிஸ்ஸி. ஒருபொழுது இருந்துக்கிட்டு எப்படித்தான் இம்புட்டு ஓட்டம் ஓடுறீங்களோ."

"நான் ஒருபொழுதுன்னு யாரும்மா சொன்னா?"

"நல்லா இருக்கே. நீங்கதான் சொன்னீங்க. தலகாணிய தூக்கி வச்சிக்கிட்டே. நான் இன்னைக்கு வெரதம் மிஸ்ஸி, பசியார மாட்டேன்னேன். எனக்கும் ஒருபொழுதுதாம்மா, பன்னெண்டு மணிக்குத்தான்னீங்க. மக பரிச்சைக்குன்னீங்க. சாமி நல்லது பண்ணும்னு நான் சொன்னேன்ல?"

யாருக்கும் தெரியாது. மணியத்துக்குத் தெரியாது, யாழினிக்கே தெரியாது. நூருக்கு வயிறு சரியில்லை என்று சொன்னேன். இந்த உலகத்தில் நான் சொன்னாலொழிய அந்த அம்மாவுக்குத் தெரிய வழியே இல்லை.

சொல்லியிருக்கிறேன். யாரிடமும் சொல்லாததை, அறிமுகமில்லாதவர் என்ற தைரியத்தில், முகமூடிக்குள்ளிருந்து அவரிடம் சொல்லியிருக்கிறேன். விரதக்காரிக்கு விரதக்காரி துணை என்று ஆசையாகப் பேசியிருக்கிறேன். இருபத்தைந்து நிமிடம் கழித்து அதே கையால் "சாப்பிட்டார், ஆம்" என்று வால் நீளமாக டிக்.

"அன்னைக்கு சிஸ்டர் கேட்டப்ப சொல்லிருக்கலாமேம்மா, என்கிட்டதான்னு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பெரிய மிஸ்ஸி மொறச்சிக்கிட்டு நின்னாங்க. நீங்க வெரதம்னு தெரிஞ்சா வேலைக்கு ஏதும் வந்துருமோன்னு... தொரகிட்ட போயி ஆள் பேரு சொல்ற பழக்கம் எங்க குடும்பத்துலயே இல்ல மிஸ்ஸி. எங்கப்பா காலத்துலேருந்து."

எங்கள் குடும்பத்திலும் இல்லை. என் அப்பாவும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்தான். யார் மரத்தில் தவறு என்று துரை கேட்டால் வரிசையே தரையைப் பார்த்து நிற்கும் என்பார், பெருமையாக. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து இந்த அம்மா தரையைப் பார்த்தார். மாட்டியது நூர்.

இப்போது எல்லாம் ஞாபகம் வருகிறது. தலையணை உறையில் இருந்த ஆஸ்பத்திரி முத்திரை, அவர் கையில் கட்டியிருந்த மஞ்சள் கயிறு. ஆனால் இது நிஜமாகவே ஞாபகமா, அவர் சொன்னதால் மனம் வரைந்துகொண்டதா? மஞ்சள் கயிற்றை இன்றுதானே பார்த்தேன்? தெரியவில்லை. கயிறு எப்படியோ போகட்டும். மகள் பரீட்சை என்றாரே.

மகன் வந்து அழைத்துப் போனார். வாசல் வரை திரும்பிப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டுக்கொண்டே போனார்.

அக்டோபர் 9, வியாழன்

காலையில் தூறல். ராத்திரித் தூக்கம் சுமார். மணியத்திடம் விரதத்தையும் சேர்த்து எல்லாம் சொன்னேன். சிரிக்கவில்லை. "நூருகிட்ட மொதல்ல சொல்லிடு, பாரத்த அப்பறம் எழுதிக்கலாம்" என்றார். முறுக்கு அச்சு கிடைத்துவிட்டது. கார் கிரீஸ் வாடை.

நூரிடம் பேன்ட்ரியில் சொன்னேன். பத்து மணி இடைவேளை. வேறு யாரும் இல்லை. தே ஓ, பாலில்லாத டீ, ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல ஊற்றுவதை நிறுத்தவில்லை, கோப்பை நிரம்பித் தட்டில் வழிந்தது. துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"சனிக்கெழம நான் கரிபாப் குடுத்தேன்."

"ஆமா."

"வயிறு சரியில்லன்னீங்க. நான் மருந்து வேணுமான்னு கூடக் கேட்டேன்."

"ஆமா நூரு."

"ரமலான் முப்பது நாளும் நீங்கதான் என்னைய ஒக்காரு ஒக்காருன்னு நாற்காலிய இழுத்துப் போடுவீங்க. என்கிட்ட சொல்ல என்னாக்கா வெக்கம்? இன்னைக்கு வெரதம்டின்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா, வேற யாரெல்லாம் வெரதம்னு நானே பெட்டு பெட்டா கேட்டுருப்பேன்ல?"

எனக்கு இது தோன்றவே இல்லை. ஐந்து நாளாக எனக்கு இது தோன்றவே இல்லை.

"அஞ்சு நாளா அந்தத் தட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். கண்ண மூடுனா தட்டு. பதினோரு வருசம் வேல செஞ்சி ஒரு காலித் தட்டு கூடப் பாக்கத் தெரியலன்னு. செவ்வாக்கெழம கேட்டேன். பாத்தேன்னீங்க."

"பாத்தேனான்னு எனக்கே தெரியல."

"அதச் சொல்லிருக்கலாம்ல?"

தே ஓவைக் குடிக்காமல் தொட்டியில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. மன்னித்திருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை.

பாரத்தை அங்கேயே எழுதினேன். மலாயில் எழுதுவது சுலபம், சுற்றி வளைக்க வராது. விரதம் என்று நோயாளி காலையில் என்னிடம் சொன்னார். நான் கேட்டேன், பதிலும் சொன்னேன். சார்ட்டில் எழுதவில்லை, நூர்ஜஹானிடமும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் சொல்லவில்லை. பிறகு சாப்பிட்டார் என்று நானே கையெழுத்திட்டேன்.

மூன்றாம் பக்கம். இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன். ஓரத்தில், செங்குத்தாக, இடம் இல்லாமல் நெருக்கி: பேனாவைப் பார்த்தேனா என்று எனக்கு நினைவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

வெயில். சிஸ்டர் ஹலிமா இரண்டு முறை படித்தார். ஓரத்தில் இது எதற்கு என்றார். டோஸ் சரியாகத்தானே இருந்தது, யாரும் கேட்கப் போவதில்லை, அடித்துவிட்டு ஆம் போடு என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். பாரத்தை மடித்து அவர் பக்கம் தள்ளினேன்.

எனக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டிய உத்தரவு. பாதுகாப்புப் பொறுப்பு இப்போதைக்கு வேறு ஆளிடம். நியாயம்தான். வலிக்கிறது. இரண்டும்.

பதினொன்றே காலுக்கு இழுப்பறையைத் திறந்து நூரின் கடிதத்தை எடுத்துக் கையெழுத்திட்டார். நான் பார்த்தேன். இதை நிஜமாகவே பார்த்தேன், பேனா மை நீலம்.

வகுப்பை ரத்து செய்வார் என்று நினைத்தேன். நீயே எடு என்றார். பதினோரு பேர். முதல் ஸ்லைடில் அந்த இரண்டு பொம்மைகளும் சிரித்தன. கம்ப்யூட்டரை மூடிவிட்டு நடந்ததைச் சொன்னேன். திக்கினேன். விரதம் என்று சொன்னபோது பின்னால் யாரோ சிரித்தார்கள். போன வருடம் நான் பேசியது ஞாபகம் இருந்திருக்கும். சரிதான், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஐனி, மலாய்க்காரப் பெண், எங்கள் வார்டுதான், எழுந்து கேட்டாள்: ரமலானில் நோயாளிகள் மறைக்கிறார்கள், அப்போது தட்டைப் பார்த்து என்ன தெரியும்? அதன் பிறகு ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சீன நர்ஸ் ஒருத்தி, அவள் அம்மாவே சந்திர மாத முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம் என்று ஆஸ்பத்திரிக் கோழியைப் பக்கத்து பெட்டுக்குத் தள்ளிவிட்டாள் என்றாள். தட்டு பேசாது என்று மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். என்ன செய்வது என்று முடிவாகவில்லை. அதற்குள் மணி அடித்துவிட்டது.

நூர் வரவில்லை. அவள் ஷிப்டில்தான் இருந்தாள். பெட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

நாளை நான்காம் சனி. இருப்பதா வேண்டாமா. வேண்டுதலை நடுவில் விடலாமா. இருந்துகொண்டு வேலை செய்யலாமா. மணியம், "இரு, ஆனா சொல்லிட்டு இரு" என்றார். யாரிடம்?

கிராஃப் பேப்பர் வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

காலை ஆறே முக்கால், லேசான மழை, குடை இருந்தது.

இரவு ஷிப்டிடமிருந்து வார்டை வாங்கிக்கொள்ளும் நேரம். எல்லாரும் வெள்ளை போர்டு எதிரில். நூர் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். என் பக்கம் திரும்பவில்லை. போர்டின் வலது ஓரத்தில், நேற்று இல்லாத ஒரு கட்டம். சிவப்பு மார்க்கரில் அவள் கையெழுத்து. மேலே 'புவாசா' என்று தலைப்பு. விரதமோ நோன்போ எல்லாவற்றுக்கும் மலாயில் அந்த ஒரே சொல்தான்.

கையில் கிளிப்போர்டோடு அவள் படித்தாள். பெட் 4, பன்னிரண்டு மணி வரை, டாக்டருக்குச் சொல்லியாயிற்று. பெட் 11, பால் மட்டும் குடிப்பார். பெட் 14, புது ஆள், விரதம் இல்லை, நேரில் கேட்டாயிற்று. விடிந்தும் விடியாமல் வந்து பெட் பெட்டாகக் கேட்டிருக்கிறாள்.

பிறகு மார்க்கரைத் திறந்தாள். எல்லார் முன்னாலும், முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்க?"

வார்டே என்னைப் பார்த்தது.

"ஆமா. பன்னெண்டு மணி வரைக்கும்."

பெட் 11-க்குக் கீழே என் பெயரை எழுதினாள்: கோகிலா, 12.